வண்டி நின்னா யார் பொறுப்பு? பஸ் ஓட்டிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் கதை

டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தைப் பார்க்காமல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு நாளைக் கழிப்பது கஷ்டம். பால் கேனைக் கட்டிக்கொண்டு போகும் மொபெட், ஹாஸ்டல் வாசலில் நிற்கும் பைக், ஒர்க்‌ஷாப் போர்டு என்று எங்கேயாவது கண்ணில் பட்டுவிடும். ஆனால் அந்த எழுத்துக்குச் சொந்தக்காரரான மனிதர் மொபெட்டைப் பார்த்ததே இல்லை. டி.வி.எஸ். 50 சந்தைக்கு வந்தது 1980-ல். அவர் இறந்தது 1955-ல்.

அவர் செய்த தொழில் பஸ் ஓட்டுவது. அதுவும் எஞ்சின் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில்! நடுரோட்டில் வண்டி நின்றால் யாரைக் கேட்பது என்ற கேள்வி இன்றைக்குக் கார் வாங்கியவர்களுக்கும் இருக்கிறது. அதே கேள்வி நூறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் இருந்தது. அதை அவர் எப்படிச் சமாளித்தார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வக்கீல், ரயில்வே, பேங்க்

சுந்தரம் ஐயங்கார் 1877 மார்ச் 22 அன்று திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடியில் பிறந்தார். பெயருக்கு முன்னால் வரும் 'டி' அந்த ஊரின் முதல் எழுத்துதான். நம்பி கோயிலுக்குப் பேர்போன, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர்.

படித்த பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் காலத்து வீடுகள் எதிர்பார்த்தனவோ, அதைத்தான் முதலில் அவரும் செய்தார். வக்கீல் வேலை பார்த்தார். பிறகு ரயில்வேயில் இருந்தார். அதன் பிறகு பேங்க். மூன்றுமே மரியாதையான வேலை. இன்றைக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் நல்ல கம்பெனி கிடைத்த மாதிரின்னு வெச்சுக்கோங்க. அதையெல்லாம் விட்டுவிட்டு, முப்பதைத் தாண்டிய வயதில், கையில் பிடித்துச் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும் ஒரு இயந்திரத்தை நம்பித் தொழிலில் இறங்கினார்.

புதுக்கோட்டைக்கு வந்த பஸ்

குழுமத்தின் வரலாறு 1911-ல் தொடங்கிய மதுரையின் முதல் பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கும். நம்ம ஊர்க்காரர்கள் 1912-ல் ஓடிய தஞ்சாவூர் – புதுக்கோட்டை பஸ்ஸைச் சொல்வார்கள். முதலிடம் யாருக்கு என்ற சண்டையை மதுரைக்காரர்களோடு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இங்கே முக்கியமானது அந்த வழித்தடம்.

அப்போது தஞ்சாவூர் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஜில்லா. புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இன்றைக்கு கந்தர்வக்கோட்டை, ஆதனக்கோட்டை, பெருங்களூர் என்று ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகிறோம். அன்றைக்கு மாட்டு வண்டிதான் கதி. ரயிலில் வரலாமே என்று கேட்டால், திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் பாதை திறந்ததே 1929-ல். அதாவது ரயிலுக்கு 17 வருஷம் முன்னாலேயே பஸ் வந்துவிட்டது.

இப்போ அந்த பஸ்ஸில் ஏறியவரின் இடத்தில் இருந்து யோசிச்சுப் பாருங்க. கோர்ட் வாய்தா, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று ஏதோ ஒரு அவசரத்துக்காகக் காசு கொடுத்து ஏறியிருப்பார். செம்மண் ரோட்டில் பாதி தூரம் வந்ததும் வண்டி நின்றுவிட்டால் அவருக்கு எஞ்சின் தயாரித்த சீமைக் கம்பெனி தெரியாது. அவருக்குத் தெரிந்தது பஸ் முதலாளி மட்டும்தான்.

அந்தக் காலத்து எஞ்சின் ஏன் நின்றது?

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும். மற்றவர்களும் படிக்கலாம், கஷ்டமா இருக்காது.

எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் ஒரு காரில் வழக்கமான பாகமாக வந்ததே 1912-ல், அமெரிக்காவில், காடிலாக் வண்டியில். மற்ற எல்லா வண்டிக்கும் கிராங்க் கம்பிதான். எஞ்சின் ஆயிலுக்கு ஃபில்டர் கிடையாது. காருக்கான ஆயில் ஃபில்டர் 1923-ல்தான் வந்தது. எனவே ரோட்டுத் தூசி ஆயிலில் கலந்தால் கலந்ததுதான், உப்புத்தாள் மாதிரி உள்ளே தேய்த்துக்கொண்டே இருக்கும். பல எஞ்சின்களில் ஆயில் பம்ப்பும் இல்லை. கிராங்க் சுற்றும்போது ஆயிலில் அடித்துத் தெறிப்பதுதான் மசகு.

பேரிங்குகளில் பூசியிருந்தது வெள்ளீயம் கலந்த பாபிட் என்ற மெதுவான உலோகம். அது சுமார் 240 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். ஆயில் கொஞ்சம் இறங்கி, வெயிலில் எஞ்சின் சூடாகி, பேரிங் உருகினால் முதலில் டக் டக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை டிரைவர் கவனிக்காமல் விட்டால் அடுத்த ஊர் வருவதற்குள் எஞ்சின் முடிந்தது. சில வண்டிகளில் தண்ணீர் பம்ப்பும் கிடையாது. சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற இயற்பியலை மட்டும் நம்பி ரேடியேட்டர் வேலை செய்தது. சித்திரை வெயிலில் அதன் நிலைமையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, எஞ்சின் போனால்? உற்பத்தியாளர் கடலுக்கு அந்தப் பக்கம். கடிதம் கப்பலில் போக வேண்டும், ஸ்பேர் கப்பலில் வர வேண்டும். அதுவரை வண்டி ஷெட்டில் படுத்திருக்கும், கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

நிற்பதற்கு முன்னாலேயே பார்ப்பது

சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கை முழுவதும் ஒரு பழக்கம் தெரிகிறது. வண்டி நின்ற பிறகு யாரைக் குறை சொல்வது என்பதைவிட, நிற்காமல் இருக்க இன்று காலை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

இதற்கு நல்ல உதாரணமாக ஒரு செய்தியைச் சொல்வார்கள். அன்றைய ரோடுகளில் மாட்டு லாடத்திலிருந்தும் குதிரை லாடத்திலிருந்தும் கழன்று விழுந்த ஆணிகள் நிறையக் கிடக்கும். பஸ் டயர் பஞ்சர் ஆவதற்கு அதுதான் பெரிய காரணம். டயர் கம்பெனியோடு சண்டை போட்டிருக்கலாம். அவர் செய்தது, பெரிய காந்தம் மாட்டிய ஒரு வண்டியை பஸ்ஸுக்கு முன்னால் அனுப்பி ஆணிகளைப் பொறுக்க வைத்தது. இன்றைக்கு நம்ம பாடப் புத்தகத்தில் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்று ஒரு யூனிட்டாகப் படிக்கிறோமே, அதை இதைவிட எளிமையாக விளக்க முடியுமா தெரியவில்லை.

பஸ் சொன்ன நேரத்தில் கிளம்பியது, சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்தது. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். நேரத்துக்கு பஸ் விடுவது டிரைவரின் ஒழுக்கம் மட்டும் சம்பந்தப்பட்டது கிடையாது. எஞ்சின் நம்பகமாக இருந்தால்தான் டைம் டேபிள் போட முடியும். அதற்குப் பின்னால் நல்ல ஒர்க்‌ஷாப், ஸ்டாக்கில் ஸ்பேர், கணக்கு எழுதும் நோட்டு, காது கூர்மையான மெக்கானிக் எல்லாம் வேண்டும்.

பஸ்களும் லாரிகளும் பெருகி சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் ஓடின. மதுரை அவருடைய தலைமையிடம் ஆனது.

வாங்கியவரே விற்பவர் ஆனார்

அடுத்த கட்டம்தான் இந்தக் கதையில் முக்கியம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டிகளை அசெம்பிள் செய்யத் தொடங்கியது. டி.வி.எஸ். குழுமம் அந்தக் கம்பெனிக்கு விநியோகஸ்தர் ஆனது. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று கிளைகள் வளர்ந்தன. 1950-களில் இந்தியாவிலேயே ஜெனரல் மோட்டார்ஸின் மிகப் பெரிய விநியோகஸ்தர் அவர்களுடைய கம்பெனிதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இன்றைக்கு நாம் பார்க்கும் பல ஷோரூம்களில் வண்டி விற்பவர் அதே வண்டியைத் தொழிலுக்காக ஓட்டிப் பார்த்தவர் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் விற்பதும் ஓட்டுவதும் ஒன்றாக நடந்தன. பேரிங் உருகினால் என்ன நஷ்டம், ஒரு நாள் வண்டி நின்றால் எத்தனை டிக்கெட் போச்சு, ஸ்பேர் வர எத்தனை நாள் ஆகும் என்பது விற்பவருக்குத் தன் சொந்தக் கணக்கு நோட்டிலிருந்தே தெரியும். வாடிக்கையாளர் வந்து எஞ்சினில் சத்தம் வருகிறது என்று சொன்னால் அது என்ன சத்தம் என்று புரிந்துகொள்ள ஆள் இருந்தது.

பெட்ரோல் இல்லாத வருஷங்கள்

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோல் ரேஷனுக்குப் போனது. மதராஸ் மாகாணத்தில் பஸ் ஓட்டுவதே கேள்விக்குறி ஆனது. அப்போதுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் வந்தது.

கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கிடைக்கும். கூடவே கொஞ்சம் ஹைட்ரஜனும். அந்த வாயுவைக் குளிர வைத்து, வடிகட்டி, பெட்ரோல் எஞ்சினுக்குள் அனுப்பினால் வண்டி ஓடும். கேட்க ஈஸியா இருக்கு. ஆனால் வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன்தான். அதனால் பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்துவிடும். சாம்பலும் தாரும் எஞ்சினுக்குள் போனால் வால்வு ஒட்டிக்கொள்ளும், சிலிண்டர் தேயும். அதாவது எரிபொருள் பஞ்சத்தைத் தீர்க்கப் போய் எஞ்சினைக் கொன்றுவிடும் ஆபத்து இருந்தது. ஃபில்டர் நன்றாக அமைந்தால்தான் பிளான்ட் வேலைக்கு ஆகும்.

எஞ்சினை வடிவமைத்த கம்பெனி அதைப் பெட்ரோலுக்காகத்தான் செய்தது. கரியில் ஓட்டினால் என்ன ஆகும் என்று அவர்களிடம் உத்தரவாதம் கேட்க முடியாது. பொறுப்பை ஓட்டுபவரே எடுத்துக்கொண்டார். தேய்ந்த டயருக்குப் புதிய ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலையும் அவர் தொடங்கியதுதான்.

வீடு

தொழிலில் இவ்வளவு புதுமையாக இருந்தவர் வீட்டில் எப்படி? இங்கே கதை நேர்கோட்டில் போகவில்லை. மகள் சௌந்தரம் சின்ன வயதிலேயே கணவரை இழந்தார். கைம்பெண் மூலையில் உட்கார வேண்டும் என்றிருந்த காலத்தில் அவர் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டர் ஆனார். ஆனால் அவர் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்ய விரும்பியபோது வீட்டில் சம்மதம் இல்லை. 1940-ல் காந்தியின் ஆசியோடு அந்தத் திருமணம் நடந்தது. 1947-ல் அந்தத் தம்பதி தொடங்கியதுதான் திண்டுக்கல் அருகே இருக்கும் காந்திகிராமம். தொழிலில் ஊருக்கு முன்னால் போனவர், வீட்டில் மகளுக்குப் பின்னால்தான் வந்தார்.

மகன்கள் தொழிலில் வளர்ந்ததும் நிர்வாகத்தை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். 1955 ஏப்ரல் 28 அதிகாலையில், கொடைக்கானல் வீட்டில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 78.

ரேடியேட்டர் மூடி

அவருக்குப் பிறகு 1970-களின் தொடக்கத்தில் பஸ்கள் அரசுடைமை ஆயின. மதுரையில் அவை பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் கைக்குப் போயின. ஆனால் குடும்பம் அதற்கு முன்னாலேயே வேறு பாதையைப் பிடித்திருந்தது. வீல்ஸ் இந்தியா 1960, லூகாஸ் டி.வி.எஸ். 1961, பிரேக்ஸ் இந்தியா 1962, சுந்தரம் கிளேட்டன் 1962. பட்டியலைப் பாருங்க: சக்கரம், ஸ்டார்ட்டர், பிரேக். ஒரு காலத்தில் கப்பலில் வருமா என்று காத்திருந்த பாகங்கள் எல்லாம் சென்னைப் பாடியிலேயே தயாராக ஆரம்பித்தன.

இன்னொரு சுவாரசியமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் சுந்தரம் ஃபாஸனர்ஸ் கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து கொடுக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் மூடி செய்யும் இயந்திரங்களே இங்கே வந்தன. மூடிதானே என்று நினைக்காதீங்க. அது கூலிங் சிஸ்டத்துக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. ஒரு பார் அழுத்தம் கூடுதலாக இருந்தால் தண்ணீர் 100-க்குப் பதில் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் கெட்டால் நீர் சீக்கிரம் கொதித்து வெளியேறும், எஞ்சின் சூடாகும், ஹெட் கேஸ்கட் போகும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாகம் எஞ்சினையே நிறுத்திவிடும்.

இன்றைக்கு வண்டி நின்றால்

இப்போது எஞ்சின்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் நிற்கத்தான் செய்கின்றன. சில எஞ்சின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை அடித்துவிடும். மழை நீர் உள்ளே போனால் கனெக்டிங் ராட் வளையும். கிராங்க் சென்சார் போனால் ஓடுகிற ஓட்டத்தில் சத்தமே இல்லாமல் அணைந்துவிடும்.

அதன் பிறகு நடப்பது பல வீடுகளில் தெரிந்த கதை. டீலர் கம்பெனியைக் கை காட்டுவார். கம்பெனி, பராமரிப்பு சரியில்லை என்று ஓனரைக் கை காட்டும். இன்சூரன்ஸ்காரர், இது விபத்து இல்லை என்று ஒதுங்குவார். சுந்தரம் ஐயங்காரிடம் ஒர்க்‌ஷாப்பும் மெக்கானிக்கும் ஸ்பேரும் இருந்தன. மாதத் தவணை கட்டும் ஒரு வாத்தியாரிடமோ விவசாயியிடமோ அதெல்லாம் இல்லை. எல்லாரும் அவரைப் போல ஒர்க்‌ஷாப் கட்டிக்கொள்ள முடியாது. அந்த இடத்தில்தான் சட்டம் நிற்க வேண்டியிருக்கிறது.

2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். புதுக்கோட்டைக்காரர் புதுக்கோட்டை நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். விற்றவர், தயாரித்தவர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதே 2019-ல் மோட்டார் வாகனச் சட்டமும் திருத்தப்பட்டு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அரசுக்கு வந்தது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. புது வண்டியே வேண்டும் என்று கேட்டால் அது எளிதில் கிடைக்காது. வாரண்டியில் பாகத்தை மாற்றித் தருவதாக எழுதியிருந்தால் முழு வண்டியை மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் தீர்ப்பளித்தது. குறை தயாரிப்பில்தான் இருந்தது என்று காட்டப் பெரும்பாலும் நிபுணர் அறிக்கை வேண்டும்.

அதனால் கையில் காகிதம் இருப்பதுதான் பலம். ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் எடுத்து வையுங்கள். வண்டி நின்றால் மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். ஜாப் கார்டில் என்ன நடந்தது என்று உங்கள் வார்த்தையில், கிலோமீட்டரோடு, தேதியோடு எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்குங்கள். எஞ்சினைப் பிரிக்கும் முன்பும் பிரித்த பின்பும் போட்டோ எடுங்கள். கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடக்கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். வாரண்டி கிடையாது என்றால் அந்தக் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

நம்மில் பலர் இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் இதே வாகனக் கம்பெனிகளில் டிசைன், குவாலிட்டி, சர்வீஸ் என்று ஏதோ ஒரு மேஜையில் உட்காரப் போகிறோம். அப்போது ஒரு வாரண்டி கிளெய்ம் நம்ம முன்னால் வரும். நிராகரிக்க ஒரு கிளிக் போதும். அதைச் செய்வதற்கு முன், கந்தர்வக்கோட்டை ரோட்டில் குடும்பத்தோடு வண்டியை ஓரம் கட்டி நிற்கும் ஒருவர் அந்த ஃபைலுக்குப் பின்னால் இருக்கிறார் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, கழற்றிய பேரிங்கை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்ப்போம்.